அண்ணியின் வைக்கோல் தண்ணீர்

பாட்டிலுக்குள் ஓர் ஊரையே வளர்த்த என் மாலதி அண்ணிக்கு,

ஆடி மாதத்தில் உங்கள் பாட்டில் சாகத் தொடங்கியது. உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இல்லாததால் யாரிடமும் சொல்லாமல் சில நாள் வைத்திருந்தேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அண்ணன் சேகரின் மனைவி. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தீர்கள். மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டுவதற்காக, நம் சமையலறை ஜன்னலில் ஓர் ஊறுகாய் பாட்டிலில் பாரமீசியம் வளர்த்தீர்கள். போன மார்கழியில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. பாட்டில் எங்களிடம் தங்கிவிட்டது.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வைக்கோலைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்த தண்ணீர். அடியில் ஓரிரண்டு அரிசி. மாதத்துக்கு ஒரு தடவை புதுத் தண்ணீர் காய்ச்சி, பழையதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் விடுவீர்கள். "தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான் நித்யா. இதுக்குப் போய் பெரிய சயின்டிஸ்டுன்னு என்னைப் பாக்காத" என்பீர்கள். நான் உங்களை அப்படித்தான் பார்த்தேன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நீங்கள் இருந்தவரை அண்ணனுக்கு அது 'அழுக்குத் தண்ணி'. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவருக்குத் தண்ணீர் என்றால் ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று குடிக்க. நீங்கள் போன பிறகு, அந்த மாதம் முடியும்போது, அவர் வைக்கோலோடு வந்து நின்றார். "ஆயில் மாத்தற மாதிரிதானே? டயத்துக்கு மாத்தணும், அவ்ளோதானே?" என்றார். அன்றிலிருந்து காய்ச்சுவது, வடிப்பது, கரண்டி விடுவது எல்லாம் அவர்தான். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. உள்ளே எதுவாவது உயிரோடு இருக்கிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் நுண்ணோக்கியைத் தொடவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே, இருக்கிறதா என்பதைத் தன் பாஷையில் கேட்பார்:

"இன்னா நித்யா, கீதா?"

நான் நுண்ணோக்கியின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு துளி வைத்துப் பார்ப்பேன். செருப்பின் அடிப்பாகம் போன்ற வெளிறிய உருவங்கள், உடம்பு முழுக்கக் குறு இழைகளைத் துடுப்பாகப் போட்டுக்கொண்டு, முட்டி, பின்வாங்கி, திரும்பி ஓடும். "கீது" என்பேன். அவர் வாய் கொப்பளிக்கப் போய்விடுவார். எங்கள் இருவருக்கும் உங்களைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

ஆடியில் ஒரு ஞாயிறு, துளியில் சிலதான் இருந்தன. அவையும் ஓடவில்லை, நகர்ந்தன. நான் "கீது" என்றேன். அடுத்த வாரம் இன்னும் குறைவு. வைக்கோலை மாற்றினோம், அரிசியை மாற்றினோம். அண்ணன் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார். தூசி விழாமல் உங்கள் கைக்குட்டையைப் பாட்டிலின் வாயில் கட்டினார். புதுப் பாட்டிலை வெந்நீரில் கழுவினார். எவ்வளவு சுத்தமாக வைத்தோமோ, அவ்வளவு குறைந்தது.

புத்தகங்களுக்குப் பிழைதிருத்திச் சம்பாதிக்கிறவளின் பழக்கம், ஒன்று புரியாவிட்டால் அதைப் பற்றி எழுதியதையெல்லாம் தேடிப் படிப்பது. படித்தேன். ஒன்றை ஏற்கெனவே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: பாரமீசியம் ஒற்றைச் செல், அது இரண்டாகப் பிரிந்துதான் பெருகுகிறது. பிரிந்த பிறகு தாய் எது, பிள்ளை எது என்று கேட்க முடியாது. செத்துக் கிடக்க உடம்பு மிஞ்சுவதில்லை. அதுவரை எட்டு மாதமாக நான் அதை ரகசியமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அண்ணி. நீங்கள் அள்ளிய அன்றைக்கு இருந்த அதே உயிர்தான் இன்றைக்கும் ஜன்னலில் நீந்துகிறது என்று.

அடுத்த பக்கத்தைப் படித்திருக்கக் கூடாது. தன்னைத்தானே பிரித்துக்கொண்டு காலத்துக்கும் ஓட அதனால் முடியாதாம். பிரிந்து பிரிந்து அந்த வம்சத்துக்கே வயதாகிவிடும். வேகம் குறையும், பிரிவது குறையும், ஒரு நாள் நின்றுவிடும். தன் இனத்திலேயே வேறு வகையைச் சேர்ந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, உட்கருவில் பாதியைக் கொடுத்து, பாதியை வாங்கினால்தான் மறுபடி இளமை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவ்வப்போது எங்கிருந்தோ ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீரோடு வருவீர்கள், அதிலிருந்து ஒரு கரண்டி இதில் விழும். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். ஏன் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? சொல்லத் தேவையில்லை என்று நினைத்தீர்களா, அல்லது நாங்கள் யாரும் கேட்கவில்லையா?

அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வேற தண்ணி ஊத்தாத."

"ஊத்தலன்னா செத்துடும் அண்ணா."

"அது அவ பாட்டில். கண்டதையும் கலந்துட்டு அப்புறம் இன்னாத்துக்கு வெச்சினுகீறோம்? வெறும் ஏரித் தண்ணி வேணும்னா ஏரிக்குப் போய் பாத்துக்கலாமே."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரத்திலேயே நம் வீட்டுத் தயிர் கெட்டது. புளித்தது என்றால்கூடப் பரவாயில்லை, கொழகொழவென்று நூலாக இழுத்தது. அம்மா அதைக் கொட்டிவிட்டு, அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கிவரச் சொன்னார்கள். மறுநாள் புதுத் தயிரை அண்ணனின் தட்டில் போட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்கள்:

"மாலதி வந்த வாரமும் இப்டித்தான் நூல் நூலா வந்துச்சு. அவ போய் அவுங்கம்மா வூட்லேர்ந்து உறை எட்தாந்தா. அன்னிலேர்ந்து நம்ம வூட்ல ஓடுனது அந்தத் தயிருதான்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "இத்தினி வருசமா நான் துன்னது மாமியார் வூட்டுத் தயிரா?"

"பின்ன? மாடு உனுக்குன்னு தனியா உறை குட்த்துச்சா?"

அவர் சிரித்தார், அண்ணி. மார்கழிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஜன்னல் பக்கம் நின்றார். கைக்குட்டையை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எந்த ஏரித் தண்ணி வேணும், சொல்லு."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சவாரி போகிற இடத்திலெல்லாம் அவர் காலி பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தார். முதலில் வந்தது கோவளத்துக் கடல்நீர். பாட்டிலில் மணலும் சேர்ந்து வந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, கடல தவணைல எட்த்துனு போறியா?" என்று கேட்டாராம். அந்தக் கிண்டலை வாங்கிக்கொண்டு வந்தவரிடம், உப்புத் தண்ணீர் பட்டால் பாரமீசியம் செத்துவிடும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஆனால் வந்ததைப் பார்க்காமல் கொட்ட மனம் வரவில்லை. பார்த்தேன். கண்ணாடியில் செய்த நகைப்பெட்டிகள் போல, மேல் மூடியும் கீழ்ப் பெட்டியுமாக டயாட்டம்கள். உண்மையிலேயே கண்ணாடிதான், சிலிக்காவில் தாங்களே கட்டிக்கொண்ட ஓடு. உள்ளே பொன்பழுப்பு நிறம், வெயிலைத் தின்று வாழ்கின்றன. உலகம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவை தருவது என்றீர்களே, இவ்வளவு அழகாக இருக்கும் என்று சொல்லவில்லையே. அவற்றுக்கு நடுவே இடுப்பில் பள்ளம் விழுந்த ஒன்று, பம்பரம் போலச் சுழன்று போனது. இடுப்பைச் சுற்றி ஒரு கசையிழை, பின்னால் வால் மாதிரி இன்னொன்று. டைனோஃபிளாஜெல்லேட். கடற்கரையில் சில சமயம் அலை நீலமாக மின்னியது என்று படம் எடுத்து அனுப்புகிறார்களே, அது இவற்றின் சொந்தக்காரர்களின் வேலை.

மணலையும் விடவில்லை. அதில் நத்தை ஓடு போலச் சுருண்ட, ஊசி முனை அளவிலான சுண்ணாம்பு ஓடுகள் இருந்தன. ஃபொராமினிஃபெரா. ஒற்றைச் செல்லுக்கு அறை அறையாக ஒரு வீடு. மாமல்லபுரம் மணலில் எத்தனை தடவை உட்கார்ந்து கடலை கொறித்திருப்போம். எத்தனை காலி வீடுகளின் மேல் உட்கார்ந்திருந்தோம் நாம்?

அடுத்தது கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. சாலையோரம் மழைநீர் தேங்கிப் பச்சையாகிப்போன பள்ளம். அதில் யூக்ளினா. பச்சையாக இருக்கிறது, வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது. இருட்டில் வைத்தால் அக்கம்பக்கத்தில் கிடைப்பதை உறிஞ்சிச் சமாளிக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறியச் சிவப்பாக ஒரு கண்புள்ளி வேறு. செடியா, பிராணியா என்று அண்ணன் கேட்டார். இரண்டும் இல்லை என்றேன்.

"அதாவது வூட்ல சோறு ஆக்கலன்னா ஓட்டல்ல துன்னுக்கும்."

"ஆமா."

"கூடுவாஞ்சேரில எல்லாரும் அப்டித்தான்."

கொளவாய் ஏரிக்கரைச் சேற்றில் அமீபா கிடைத்தது. உடம்பையே காலாக நீட்டி, அந்தக் காலுக்குள் தானே வழிந்து போகிறது. அவசரமே இல்லை. பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேனில் மீந்துகிடந்த ஈர வைக்கோலில் மஞ்சளாக ஒரு படலம் படர்ந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கப் போனேன். மறுநாள் அது இடம் மாறியிருந்தது. வழவழப்பான அந்த ஜந்துவும் உங்கள் ஆட்களில் ஒருவர்தான். எண்ணற்ற உட்கருக்களோடு, ஒரே உடம்பாக, உணவைத் தேடி ஊர்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பழுப்புக் கடற்பாசியும் புரோட்டிஸ்டா என்ற இதே பட்டியலில்தான் வருகிறது என்று படித்தபோது, இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை என்ற என் எண்ணமும் போனது.

இதற்கெல்லாம் நடுவில் அம்மா ஒரு நாள் கேட்டார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். "இதுலேர்ந்துதான் அவளுக்கு நோய் வந்துச்சோ?"

இல்லை அம்மா என்றேன், உங்கள் நோய்க்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். நோய் தருகிறவையும் இந்தக் கூட்டத்தில் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. மலேரியாவைத் தருவது பிளாஸ்மோடியம். நீந்தித் திரிந்து இரை தேடும் வேலை அதற்குக் கிடையாது, அடுத்தவர் செல்லுக்குள் புகுந்து வாழ்வதற்கென்றே ஆன கூட்டம். கொசு அதை ஏற்றி இறக்குகிற வண்டி மட்டும்தான் என்று விளக்கினேன். பக்கத்தில் இருந்த அண்ணன், "உடனே டிரைவர் மேல பழியப் போடு" என்றார்.

அண்ணி, நீங்கள் ஒரு முறை புரோட்டிஸ்டா என்பது ஒரு குடும்பமே இல்லை என்று சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. செல்லுக்குள் உட்கரு உள்ளவற்றில் விலங்குகளைத் தனியே எடுத்தார்கள், செடிகளை எடுத்தார்கள், பூஞ்சைகளை எடுத்தார்கள். மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரே பையில் போட்டுப் பெயர் எழுதினார்கள். உள்ளே விலங்கு மாதிரி, செடி மாதிரி, பூஞ்சை மாதிரி என்று மூன்று பொட்டலம். எதிலும் சரியாகச் சேராத யூக்ளினாவை அங்கும் இங்கும் தூக்கிப்போட்டார்கள்.

பிறகு மரபணுவைப் படிக்கத் தெரிந்ததும் பை கிழிந்துவிட்டது. நம் சாதுவான பாரமீசியமும், மலேரியாக் கிருமியும், அலையை மின்னவைக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டும் நெருங்கிய பங்காளிகளாம். கண்ணாடிப் பெட்டி டயாட்டமுக்குப் பாறையில் வழுக்கும் பழுப்புக் கடற்பாசி உறவு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் மணலில் வீடு கட்டும் ஃபொராமினிஃபெராவுக்கும் மேலே எங்கோ ஒரே மூதாதை. அமீபாவும் அந்த மஞ்சள் படலமும் ஒரு கிளை. அந்தக் கிளை செடிகளைவிட நமக்குக் கிட்டே இருக்கிறது. யூக்ளினாவோ இவர்கள் எல்லோரையும் விட்டுத் தொலைவில், தனிக் கிளையில். பச்சையாக இருப்பதால் செடிக்குச் சொந்தம், படலமாகப் படர்வதால் பூஞ்சை என்று எதையும் பார்த்தவுடன் சொல்ல முடியாது போலிருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது இன்னும் முடிவாகவில்லை, அவ்வப்போது மாற்றி எழுதுகிறார்கள். முடியாத ஒரு கேள்வி சமையலறை ஜன்னலில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இத்தனை தண்ணீரிலும் நமக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஏரித் தண்ணீரில் ஒரு சில பாரமீசியம் இருந்தன. நம்முடையவற்றோடு ஒரு துளியில் விட்டுப் பார்த்தேன். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தம் பாட்டுக்குப் போயின. இனம் வேறாக இருக்கலாம், அல்லது இரண்டும் ஒரே வகையாக இருக்கலாம். அதற்குள் உங்கள் பாட்டிலில் ஒரு துளிக்கு ஒன்று தென்பட்டால் அதிர்ஷ்டம் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை "கீதா?" என்று கேட்பதை அண்ணன் நிறுத்தியிருந்தார்.

கடைசியில் அது சவாரி ஒன்றில் வந்தது. திருக்கழுக்குன்றம் போகும் வழியில் வேனில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. கழுவத் தண்ணீர் வேண்டி அண்ணன் வண்டியை நிறுத்தி, வயலோர வாய்க்காலில் இறங்கினார். கழுவி முடித்த பிறகு, பழக்கதோஷத்தில், பாட்டிலை இன்னொரு முறை நிரப்பிக்கொண்டு வந்தார். நாற்றம் தாங்கவில்லை. துளியை வைத்தால் பாரமீசியம் சந்தைக்கடை மாதிரி நெருக்கியடித்தது.

பசி வந்தால்தான் அவை இணை தேடும் என்று படித்திருந்ததால், இரண்டையும் தனித்தனியே கொஞ்ச நாள் இரையில்லாமல் விட்டேன். பிறகு ஒரு காலையில் மூன்று துளி வைத்தேன். உங்களுடையது மட்டும் ஒன்று, வாய்க்காலுடையது மட்டும் ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. முதல் இரண்டு துளியிலும் எல்லாம் தனித்தனியாகத் திரிந்தன. கலந்த துளியில் சற்று நேரத்தில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தன. பின்பு கொத்து அவிழ்ந்து, வாயும் வாயும் ஒட்ட, ஜோடியாக நீந்தத் தொடங்கின.

"அண்ணா!" என்று கத்தினேன். சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார்.

"இன்னா, செத்துடுச்சா?"

"வந்து பாரு."

"நீயே சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். பாரு."

தயங்கித்தான் குனிந்தார். "கருப்பு கருப்பா முடி மாதிரி கீது. இதுங்களா?"

"அது உன் இமை முடி. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாரு."

தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். பிறகு, மெல்ல, "ஓட்தே" என்றார். "ஏய், ஓட்துங்க நித்யா. ரெண்டு ஒட்டிக்கினு சுத்துது."

"அதுதான்."

"இதுல மாலுவோடது எது?"

"ஒண்ணு அவங்களோடது, ஒண்ணு வாய்க்காலோடது. எது எதுன்னு பாத்தா தெரியாது."

"பிரிஞ்சப்புறம்?"

"பிரிஞ்சப்புறம் ரெண்டுலயும் பாதி அவங்களோடது."

அவர் கண்ணை எடுக்கவில்லை. சட்டைப்பையில் சவாரிக்காரர்களின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "மாலு எத்தினி வாட்டி கூப்ட்டா என்ன, வந்து பாருன்னு" என்று மட்டும் சொன்னார். அது என்னிடம் சொன்னது அல்ல. பிறகு அவரே எழுந்து, வாய்க்கால் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து உங்கள் பாட்டிலில் விட்டார்.

அது நடந்து சில மாதம் ஆகிறது. பாட்டில் இப்போது நிறைந்துகிடக்கிறது. போன வாரம் உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவி வந்தாள், செய்முறைத் தேர்வுக்குப் பாரமீசியம் வேண்டுமென்று. அவள் வந்து சேரும்போது அம்மா விளக்கு ஏற்றிவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு நம் வீட்டிலிருந்து உறைமோர் வெளியே போகாது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வருடம் அதற்காக நீங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டதும் எனக்கு மறக்கவில்லை. அண்ணன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா பாட்டிலைப் பார்த்தார்கள்.

"குடு குடு. மாலதி வூட்டு உறை. அதுக்கின்னா நேரம் காலம்."

எந்த நேரத்தில் யார் கேட்டு வந்தாலும் ஒரு கரண்டி கொடுப்போம், அண்ணி. வற்றிப்போகும்போது வெட்கப்படாமல் எங்காவது போய் ஒரு கரண்டி வாங்கியும் வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நுண்ணோக்கியில் குனிவது அண்ணன்தான். பல் தேய்த்துக்கொண்டே கேட்பது இப்போது நான்.

மாமியார் வீட்டுத் தயிரில் வளர்ந்த அண்ணனுக்குத் தங்கையும்,
என்றைக்கும் உங்களுக்கு நாத்தனாருமான
நித்யா